அந்த 59 நாட்கள்

லைன் நிற்காமல் ஓட – 11

ஒரகடம் கூட்டு ரோட்டில் விடிகாலையில் நின்று பாருங்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோவில் சாலையும் சந்திக்கும் அந்த இடத்துக்கு நான்கு திசையிலிருந்தும் கம்பெனி பஸ்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு பஸ்ஸில் குளித்துத் திருநீறு பூசிய முகங்கள். எதிரே வரும் பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கும் இரவு ஷிஃப்ட்காரர்கள். ஆள் மாறுவார்கள், லைன் ஓடிக்கொண்டே இருக்கும். 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்ததிலிருந்து இந்த வட்டாரத்தின் நாடித்துடிப்பு அதுதான். ‘லைன் நின்னுடுச்சு’ என்பதைவிடக் கெட்ட சேதி இங்கே யாருக்கும் கிடையாது.

2017 மே 13, சனிக்கிழமை அந்தச் சேதி ஒரகடத்திலிருந்து வந்தது. 2010-ல் திறக்கப்பட்ட ரெனோ–நிஸான் கார் ஆலையும் கணினித் தாக்குதலுக்கு உள்ளாகிவிட்டது என்று செய்திகள் சொல்லின. முந்தைய நாள் வெள்ளிக்கிழமை உலகெங்கும் பரவத் தொடங்கிய ‘வான்னாக்ரை’தான் அது. பிரான்சில் ரெனோ ஆலைகள், இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் நிஸான் ஆலை, பிரிட்டன் அரசு மருத்துவமனைகள் என்று ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அதில் சிக்கின. கோப்புகள் பூட்டப்பட்டன. திறக்க வேண்டுமானால் 300 டாலரை பிட்காயினாகக் கட்டு என்று திரையில் சிவப்புக் கட்டம் மிரட்டியது.

வழக்கமான வைரஸ் மாதிரி இதற்கு யாரும் ஏமாந்து ஒரு மின்னஞ்சலைத் திறக்க வேண்டியதில்லை. விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்திய பழைய முறை ஒன்றில் ஓட்டை இருந்தது. ஒரே நெட்வொர்க்கில் ஒரு கணினி பிடிபட்டால் போதும், அது பக்கத்துக் கணினியின் கதவைத் தானே தட்டித் தானே உள்ளே போகும். இங்கிலாந்தில் மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர், அந்த நிரல் தேடிக்கொண்டிருந்த பதிவு செய்யப்படாத ஓர் இணைய முகவரியைப் பத்துப் பதினோரு டாலர் செலவில் தன் பெயரில் பதிவு செய்தார். அதோடு பரவலின் வேகம் அடங்கியது. அடங்காமல் போயிருந்தால் சேதம் எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இந்த வாரம் நாம் பேச வேண்டியது அந்த இளைஞரின் சாமர்த்தியத்தைப் பற்றி அல்ல, ஒரு தேதியைப் பற்றி. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது 2017 மார்ச் 14-ல். தாக்குதல் தொடங்கியது மே 12-ல். இடையில் 59 நாட்கள். நோய் வரும் முன்பே மருந்து கடைக்கு வந்துவிட்டது. ஏன் இத்தனை ஆலைகள் அதை வாங்கிப் போட்டுக்கொள்ளவில்லை?

‘அலட்சியம்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு முறையாவது லைன் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இந்த வட்டாரத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஸ்டேஷனுக்கு ஒரு பாகம் வந்து நிற்கும். ஆபரேட்டர் அதன் பார்கோடை ஸ்கேன் செய்வார். பக்கத்து இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் கணினி, ‘இந்த மாடலுக்கு நான்கு போல்ட், இவ்வளவு டார்க் (இறுக்கும் விசை)’ என்று போல்ட்டை இறுக்கும் நட் ரன்னருக்குச் சொல்லும். நான்கும் சரியாக இறுகினால் பச்சை விளக்கு எரியும். ஒன்று தளர்ந்தாலும் சிவப்பு, பாகம் அடுத்த ஸ்டேஷனுக்கு நகராது. எந்தப் பாகத்தில் எந்த போல்ட் எவ்வளவு இறுகியது என்பது அப்போதே சர்வரில் பதிவாகும். பத்து வருஷம் கழித்து ஒரு கார் திரும்பி வந்தாலும் எடுத்துக் காட்ட வேண்டிய பதிவு அது.

அந்த இரும்புப் பெட்டியின் கதவில் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது: ‘இந்த கம்ப்யூட்டரை யாரும் ஆஃப் செய்யக் கூடாது.’ காகிதம் பழுத்து, ஓரத்தில் கிரீஸ் கறை படிந்திருந்தது. உள்ளே ஓடியது விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. ஏன் மாற்றவில்லை என்று மெயின்டனன்ஸ்காரரைக் கேட்டேன். “மெஷின் சப்ளையர் இந்த வெர்ஷனுக்குத்தான் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்திருக்கான் சார். மேல கை வச்சா வாரன்ட்டி இல்லம்பான். நைட்ல ஏதாவது போட்டு, காலையில பச்சை லைட்டு எரியலன்னா, பதில் சொல்ல வேண்டியது நான்தானே?”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஒரு இயந்திரம் இருபது வருஷம் உழைக்கும், அதற்குள் வைத்த விண்டோஸ் பத்து வருஷத்தில் ஆதரவை இழந்துவிடும். இந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டவர் அந்த மெயின்டனன்ஸ்காரர்.

அவருடைய பயத்துக்கு ஆதாரமும் உண்டு. 2023 ஆகஸ்ட் 29-ல் ஜப்பானில் டொயோட்டாவின் 14 கார் ஆலைகளும் நின்றன. யாரும் தாக்கவில்லை. இரண்டு நாட்களுக்கு முன் பாகங்களுக்கு ஆர்டர் போடும் அமைப்பில் வழக்கமான பராமரிப்பு வேலை நடந்தது. சேர்ந்துபோன தரவுகளை நீக்கி ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க்கில் இடம் போதாமல் போய், அமைப்பு நின்றுவிட்டது. மாற்றாக வைத்திருந்த சர்வரும் அதே அமைப்பில் ஓடியதால் அதுவும் கூடவே விழுந்தது. கடைசியில் அதிக இடமுள்ள இன்னொரு சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகே வேலை தொடங்கியது. தயாரிப்பு ஒழுங்கை உலகத்துக்கே கற்றுக்கொடுத்த கம்பெனியில், நல்லது செய்யப்போய் நடந்தது இது.

ஆகவே ‘தொடாதே’ என்பவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, ‘உடனே போடு’ என்பவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தொடாமல் விட்டால் வான்னாக்ரை, தொட்டால் டிஸ்க் நிரம்பும். மாற்றத்தைப் பயமில்லாமல் செய்வது எப்படி? மென்பொருள் பொறியியலின் நடுநாயகமான கேள்வி இதுதான். இதற்கான விடை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ஷாப் ஃப்ளோரிலேயே பல வருஷமாக இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

எந்த ஆட்டோமொபைல் கம்பெனிக்குள் போனாலும் ‘ஃபோர் எம் சேஞ்ச்’ என்ற பேச்சு காதில் விழும். ஆள், மெஷின், மெட்டீரியல், மெத்தட். இந்த நான்கில் எது மாறினாலும் எழுதி, கையெழுத்து வாங்கி, போர்டில் போட வேண்டும். ஒரு வாஷர் சப்ளையரை மாற்றுகிறார்கள் என்று வையுங்கள். லாரியிலிருந்து இறக்கி நேராக லைனில் கொட்ட மாட்டார்கள். வரைபடத்தின் திருத்த எண் சரியா என்று பார்ப்பார்கள். முதலில் கொஞ்சம் மட்டும் டிரையல் லாட்டாக ஓட்டுவார்கள். முதல் பீஸை குவாலிட்டிக்காரர் அளந்து கையெழுத்திட்ட பிறகுதான் அடுத்த பீஸ். புது லாட் எந்த சீரியல் நம்பரிலிருந்து தொடங்கியது என்று குறித்து வைப்பார்கள். புதியது தேறும்வரை பழைய வாஷரைத் தூக்கி எறியாமல் தனி பின்னில் வைத்திருப்பார்கள்.

இரண்டு ரூபாய் வாஷருக்கு இத்தனை மரியாதை. அதே லைனை ஓட்டும் மென்பொருளுக்கு? பல இடங்களில் சப்ளையரின் ஆள் பென் டிரைவோடு வருவார், காப்பி செய்வார், டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். என்ன மாறியது, எந்த வெர்ஷன், பழையது எங்கே என்று எந்த போர்டிலும் இருக்காது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு தைவான் ஓர் உதாரணம். உலகின் மிகப் பெரிய சிப் ஒப்பந்தத் தயாரிப்பாளரான டி.எஸ்.எம்.சி. 2018 ஆகஸ்டில் வான்னாக்ரையின் ஒரு வகையால் முடங்கியது. புதிதாக வந்த இயந்திரத்தை, வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்காமல் நெட்வொர்க்கில் இணைத்ததுதான் காரணம் என்று அந்த கம்பெனியே அறிவித்தது. பேட்ச் வந்து அப்போது ஏறக்குறைய 17 மாதங்கள் ஆகியிருந்தன. அது ஒரு மெட்டீரியல் என்றால் ‘இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன்’ இல்லாமல் கேட்டைத் தாண்டியிருக்குமா?

மென்பொருளையும் ஒரு பாகமாக நினையுங்கள். அப்போது வழி தன்னால் திறக்கும். வெர்ஷன் எண்தான் அதன் பார்ட் நம்பர். லைனுக்கு வெளியே ஒரு மேசையில் அதே மாதிரி கணினி, இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. ஒன்று, ஒரு ஸ்கேனர் வைத்து முதலில் அங்கே ஓட்டிப் பார்ப்பதுதான் டிரையல் லாட். பிறகு ஒரே ஒரு ஸ்டேஷனில் போட்டு ஒரு முழு ஷிஃப்ட் கவனிப்பது முதல் பீஸ் அப்ரூவல். பழைய வெர்ஷனை முழுப் படிமமாக எடுத்து, பத்து நிமிஷத்தில் திரும்பப் போட முடியும் என்று உண்மையாகவே போட்டுப் பார்த்து வைப்பது, பழைய வாஷரைத் தனி பின்னில் வைப்பது. பெரிய மென்பொருள் கம்பெனிகள் வேறு பெயர்களில் செய்வதும் இதைத்தான். முதலில் சிலருக்குக் கொடுப்பார்கள், கவனிப்பார்கள், கோளாறு என்றால் பழையதுக்குத் திரும்புவார்கள்.

இனி, ஆலைக்கு நிரல் எழுதும் தம்பி தங்கைகளுக்கு. மெயின்டனன்ஸ்காரரின் பயத்தில் பாதி நீங்கள் கொடுத்தது. அதைக் குறைப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. டார்க் மதிப்புகளை நிரலுக்குள் பதிக்காமல் வெளியே தனியாக வையுங்கள், மாடல் மாறும்போது நிரலைத் தொட வேண்டியிராது. சர்வர் விழுந்தாலும் ஸ்டேஷன் ஒரு ஷிஃப்ட்டாவது ஓடும்படி பதிவுகளை உள்ளூரிலேயே சேமித்து, சர்வர் எழுந்ததும் வரிசை மாறாமல் அனுப்புங்கள். பாதி வேலையில் கரன்ட் போய் வந்தால் இறுக்கிய போல்ட்டை மறுபடி இறுக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடங்கட்டும். டிஸ்க் நிரம்பிய பிறகு சாகாமல், முக்கால் நிரம்பும்போதே குரல் கொடுக்கட்டும். எந்த வெர்ஷன் ஓடுகிறது என்பதைத் திரையின் மூலையில் ஆபரேட்டர் கண்ணில் படும்படி எழுதுங்கள். ஒரே ஒரு விண்டோஸ் வெர்ஷனோடு நிரலைக் கட்டிப்போடாதீர்கள். நீங்கள் வேறு வேலைக்குப் போன பிறகும் அந்த இயந்திரம் அங்கேயே நின்று உழைத்துக்கொண்டிருக்கும்.

பேட்ச் போடவே முடியாத இயந்திரங்களும் உண்டு. அவற்றுக்குச் சுவர்தான் துணை. பெயின்ட் ஷாப்பில் தீ பிடித்தால் அசெம்ப்ளிக்குப் பரவாமல் இருக்கத் தடுப்புக் கட்டுகிறோம். அது போல ஆபீஸ் கணினிகளின் நெட்வொர்க்கும் லைன் கணினிகளின் நெட்வொர்க்கும் பிரிந்திருக்க வேண்டும், லைனுக்குள்ளும் ஒரு பகுதி மற்றொன்றிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். 2017-ல் ஒரே கூடமாக, தடுப்பில்லாமல் கிடந்த நெட்வொர்க்குகளில்தான் வான்னாக்ரை காட்டுத்தீயாக ஓடியது.

பெரிய ஆலைகளுக்கு இதற்கெல்லாம் ஆட்களும் பணமும் இருக்கின்றன. என் கவலை, சிப்காட் தொழிற்பேட்டையின் உள்சாலைகளில் நூறு இருநூறு பேரோடு ஓடும் சிறிய சப்ளையர்களைப் பற்றியது. 2022 பிப்ரவரி கடைசியில் கொஜிமா என்ற ஒரே ஒரு உதிரிபாக சப்ளையர் கணினித் தாக்குதலுக்கு உள்ளானது. அதன் விளைவாக மார்ச் 1-ல் டொயோட்டா தன் 14 ஜப்பான் ஆலைகளிலும் 28 லைன்களை நிறுத்தியது. ஒரு நாளில் சுமார் 13,000 கார்கள் போயின. கிடங்கில் சரக்கைக் குவித்து வைக்காமல், கேட்ட நேரத்தில் கேட்ட வரிசையில் பாகம் கொண்டுபோகும் முறையில்தான் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் வாழ்கின்றன. இங்கே ஒரு சிறிய கம்பெனியின் பழைய கணினி நின்றால், பெரிய கம்பெனியின் லைனும் நிற்கும். பெரிய கம்பெனிகள் சப்ளையர்களுக்குத் தரத் தணிக்கை செய்யும்போது, டை கண்டிஷனைப் பார்ப்பது போலவே கணினிகளின் கண்டிஷனையும் பார்க்க வேண்டும். குறை கண்டால் மதிப்பெண் குறைப்பதோடு நிற்காமல், சரிசெய்ய ஆள் அனுப்பி உதவ வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்னொரு தலைமுறைக் கணினிகள் எக்ஸ்பி போன வழியில் போய்க்கொண்டிருக்கின்றன. அடுத்த 59 நாட்கள் எந்த மாதத்தில் தொடங்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை.

ஆயுத பூஜை அன்று நம் ஆலைகளில் ஒரு மெஷினைக்கூட விடாமல் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். கணினிப் பெட்டிக்கும் பொட்டு உண்டு. லைன் அமைதியாக இருக்கும் அபூர்வமான நாட்களில் அதுவும் ஒன்று. வரும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் முன், கையில் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு ஒரு வரி: என்ன கணினி, எந்த விண்டோஸ், எந்த வெர்ஷன் நிரல், யார் எழுதியது, பேக்கப் எங்கே, அந்த பேக்கப்பைக் கடைசியாகத் திரும்பப் போட்டுப் பார்த்த தேதி என்ன. எழுதும்போது எந்தக் கட்டம் காலியாக நிற்கிறதோ, அந்த வேலையிலிருந்து தொடங்குங்கள்.

(தொடரும்)