ஒரு வாளி வெந்நீரின் விலை

“குளிக்கும் வெந்நீரைப் பற்றியும் ஒரு கட்டுரையா?” என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆனால், மின்சாரம் பிறக்கும் நெய்வேலியின் மடியில் வாழும் நமக்கு, அந்த வெந்நீரின் கணக்கை அறிந்துகொள்ளும் கடமை பிறரைவிடச் சற்று அதிகமாகவே உண்டு என்பது என் கருத்து.

1956-ஆம் ஆண்டு நிறுவனம் தொடங்கி, 1962-இல் நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த அந்நிலையம், அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்து 2020-இல் ஓய்வு பெற்றது. பின்னர் எழுந்த நிலையங்கள் அப்பணியைத் தொடர்கின்றன. நிலையம் எதுவாயினும் முறை ஒன்றே. பழுப்பு நிலக்கரியை எரித்து, நீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் சுழலியைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். இக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமே. எரிவதால் கிடைக்கும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. எஞ்சியது புகைபோக்கி வழியாகவும், குளிர்விப்புக் கோபுரங்கள் வழியாகவும் வானத்துக்குப் போகிறது. அப்படி அரும்பாடுபட்டுப் பெற்ற மின்சாரத்தைக் கம்பி வழியே வீட்டுக்குக் கொண்டுவந்து, மீண்டும் வெப்பமாக்கித் தண்ணீர் காய்ச்சுகிறோம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதானோ!

நம் பாட்டனார் காலத்தில் நடுவே குழாய் வைத்த செப்புப் பாய்லர் இருந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த ‘லெக்கோ’ கரி ஒரு காலத்தில் வீட்டு அடுப்புகளில் எரிந்தது. இன்று கரியும் இல்லை. கரி அள்ளக் கைகளும் இல்லை. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் வெந்நீர் ஆடம்பரமும் அன்று. எனவே ஹீட்டர் வேண்டுமா, வேண்டாமா என்பதைவிட, எதை, எப்படி, என்ன செலவில் பொருத்துவது என்பதே கேள்வி.

மந்தாரக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டிலும் இக்கேள்வி எழுந்தது. முழங்கால் வலியால் வருந்தும் என் பாட்டிக்காக, அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருந்தார். “நீதான் இயற்பியல் படிக்கிறாயே, விசாரித்துச் சொல்” என்றார் அப்பா. நான் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

எவ்வளவு வெப்பம் வேண்டும்?

ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்த்த ஒரு கிலோ கலோரி வெப்பம் தேவை. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். மார்கழிக் காலையில் எங்கள் வீட்டுத் தொட்டி நீர் 25 டிகிரி இருந்தது. 15 லிட்டர் நீரை 25-இலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 525 கிலோ கலோரி, அதாவது 0.61 யூனிட் ஆகும். இந்த நீரோடு 20 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கலந்தால் 40 டிகிரியில் 35 லிட்டர் வெந்நீர் கிடைக்கும். இது ஏறத்தாழ இரண்டு வாளி, இருவர் குளிக்கலாம். நால்வர் குளிக்க நாளொன்றுக்கு ஒன்றேகால் யூனிட். நம் ஊர்க் கரியில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எரிகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். நால்வர் குளிக்க ஒன்றேகால் கிலோ கரி!

எந்த வகை?

கடைகளில் மூன்று வகை மின் ஹீட்டர்கள் உள்ளன. முதலாவது, வாளியில் அமிழ்த்தும் ராடு. சில நூறு ரூபாய்தான். ஆனால் ஆபத்தும் அதில்தான் மிகுதி. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே நீரில் கை வைக்க வேண்டும். அவசரத்தில் மறப்பது மனித இயல்பு. வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு இது ஏற்றதன்று.

இரண்டாவது, 3 லிட்டர் கொண்ட உடனடி ஹீட்டர். பெரும்பாலும் 3 கிலோவாட். இதன் வழியே நிமிடத்துக்கு 3 லிட்டர் நீரை விட்டால் வெப்பநிலை 14 டிகிரி அளவே உயரும். ஒரு வாளி நிரம்ப ஆறு நிமிடம் பொறுக்க வேண்டும்.

மூன்றாவது, 15 அல்லது 25 லிட்டர் சேமிப்பு ஹீட்டர். 2 கிலோவாட் ஹீட்டர் 15 லிட்டரைக் காய்ச்சச் சுமார் 18 நிமிடம் ஆகும்.

“3 கிலோவாட் என்றால் கரண்டு அதிகம் இழுக்குமே” என்று பலர் அஞ்சுகிறார்கள். அதே அளவு நீரை அதே சூட்டுக்குக் கொண்டுவரத் தேவையான யூனிட் மாறாது, நேரம்தான் குறையும். வீணாவது எங்கே என்றால், நாள் முழுவதும் சுவிட்சைப் போட்டு வைக்கும்போது தொட்டியின் சுவர் வழியே கசியும் வெப்பத்தில்தான். நட்சத்திரக் குறி அதிகமுள்ள ஹீட்டரில் இக்கசிவு குறைவு. ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்த்து வாங்க வேண்டும்.

வீடு தயாரா?

கடைக்காரர் “எத்தனை லிட்டர்?” என்று மட்டுமே கேட்டார். கேட்டிருக்க வேண்டியது, “உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா?” என்பதே. 230 வோல்ட்டில் 2 கிலோவாட் ஹீட்டர் சுமார் 9 ஆம்பியரும், 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியரும் இழுக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகினால் ஒயர் சூடேறி உருகும். தனி ஒயர் (4 சதுர மில்லி மீட்டர் செம்பு உகந்தது), 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி., கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகியவை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல எர்த் வேண்டும். எங்கள் வீட்டுக் குளியலறைப் பிளக்கில் எர்த் ஒயரே இல்லை என்பதை எலக்ட்ரீஷியன் சோதித்தபோதுதான் அறிந்தோம்.

நீர் நிறைந்த 15 லிட்டர் ஹீட்டர் 20 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆகவே உறுதியான செங்கல் சுவர் வேண்டும். மாடித் தொட்டி ஹீட்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். அழுத்தம் மிகும்போது திறக்கும் பாதுகாப்பு வால்வை ஒருபோதும் அடைக்கக் கூடாது. உப்பு நீராயின், கரைந்துள்ள பைகார்பனேட் சூட்டில் பிரிந்து சுண்ணாம்பாகப் படியும். அவ்வப்போது சுத்தம் செய்யாவிட்டால் மின்செலவு ஏறும்.

எங்கள் வீட்டில் ஹீட்டருக்கு 7,800 ரூபாய் ஆயிற்று. ஒயர், எர்த், எம்.சி.பி., குழாய், கூலி எல்லாம் சேர்ந்து 5,600 ரூபாய். இந்த இரண்டாவது தொகையைக் குறைக்க நினைப்பவர் உயிரோடு விளையாடுகிறார்.

மாதாந்தரச் செலவு

மின்வாரிய இணைப்புள்ள வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒரு முறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். பிறகு படிப்படியாக விலை ஏறும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை கூடும். ஹீட்டர் இரு மாதத்தில் சுமார் 80 யூனிட் சேர்க்கும். முன்பே 450 யூனிட் செலவழிக்கும் குடும்பம் இந்த எல்லையைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

சூரியன் இருக்கிறானே!

நூறு லிட்டர் சூரிய ஹீட்டர் ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாயில் தொடங்குகிறது. தெற்கு நோக்கிய, நிழல் விழாத சொந்த மொட்டை மாடி வேண்டும். நீர்த்தொட்டி அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். குறையும் உண்டு. நம் கடலூர் மாவட்டத்தில் வெந்நீரை மனம் நாடும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வானம் மூடிக் கிடக்கிறது. அந்நாட்களுக்குத் துணை ஏற்பாடு தேவை. எனினும் ஆண்டில் பல மாதங்கள் கரியின்றிக் கிடைக்கும் சூடு இது. சொந்த வீட்டினர் முதலில் எண்ண வேண்டியது இதையே. வாடகை வீட்டிலும் குவார்ட்டர்ஸிலும் இருப்போர்க்கு மாடி உரிமை இராது. சுவரைத் துளைக்கவும் உரிமையாளரின் இசைவு வேண்டும்.

எங்கள் மாடியில் பக்கத்து வீட்டு நிழல் விழுவதால் மின் ஹீட்டரையே வாங்கினோம். குளிக்கும் முன் இருபது நிமிடம் போட்டு, அணைத்த பிறகே குளிப்பது என்று வீட்டில் விதி வைத்திருக்கிறோம். பாட்டிக்கு வெந்நீர் உண்டு; எனக்குப் பச்சைத் தண்ணீரே போதும். நண்பர்களே, தேவையுள்ளோர்க்குத் தாராளமாகக் கொடுப்போம்; தேவையற்ற இடத்தில் சுவிட்சை அணைப்போம். சுரங்கத்தில் இரவு பகலாக உழைப்போர்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.