அந்த 12ஐப் போட்டது யார்?

சென்ற தவணை ஒரு வாப்பா என்னைத் தேடிப் பாடசாலைக்கு வந்தார். திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் மீன்பிடித் தொழில். அவர் கடலுக்குப் போகும் இரவுகளில் போன் வீட்டில் மகன் கையில். விளையாட்டுக்குள் 'டயமண்ட்' வாங்கி வாங்கியே ரீலோட் காசு பதினோராயிரம் ரூபாய் கரைந்திருந்தது. போனைத் திறந்து காட்டினார்.

"சேர், இதில 12 எண்டு போட்டிருக்கு. என்ட மகனுக்கு 13 முடிஞ்சிட்டு. பிறகு நான் எப்பிடி இது கூடாது எண்டு நினைக்கிற?"

எனக்குப் பதில் வரவில்லை. தமிழ் படிப்பிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று விட்டிருக்கலாம். ஆனாலும் அந்த 12 மனதைவிட்டுப் போகவில்லை, தேடிப் படித்தேன்.

விளையாட்டைச் செய்த கம்பனியே ஒரு வினாக்கொத்தை நிரப்புகிறது. இரத்தம் தெரிகிறதா, கெட்ட வார்த்தை உண்டா, சூதாட்டம் உண்டா என்று கேள்விகள். விடைகளைக் கணினி வாங்கி, ஒவ்வொரு நாட்டின் அளவுகோலுக்கும் ஏற்றபடி வயதைப் போடுகிறது. 2013இல் தொடங்கிய 'ஐஏஆர்சி' என்ற கூட்டமைப்பின் முறை இது. கூகுள் ப்ளே 2015இல் இதனை ஏற்றுக்கொண்டது. ஒரே விடைத்தாளுக்கு ஜேர்மனியில் ஒரு வயதும் அமெரிக்காவில் இன்னொரு வயதும் வரலாம். தனக்கென்று ஒரு சபை இல்லாத நாடுகளுக்குப் பொதுவான ஓர் இலக்கம் கிடைக்கும். நம் நாடு அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறது.

அளப்பவர் யார் என்ற சண்டை பழையது. 1993இல் அமெரிக்க செனட் சபை 'மோர்ட்டல் கொம்பாட்' போன்ற விளையாட்டுகளை விசாரணைக்கு எடுத்தபோது, அரசு தலையிடுமுன் கம்பனிகளே 1994இல் 'ஈஎஸ்ஆர்பி' என்ற சபையை அமைத்துக்கொண்டன. பிரித்தானியாவில் கதை இன்னும் சுவையானது. கடுமையான காட்சிகள் உள்ள விளையாட்டுகளுக்கு அங்கே படத் தணிக்கைச் சபையே சான்றிதழ் கொடுத்து வந்தது. 2003இல் ஐரோப்பியத் தொழிற்றுறை 'பெகி' என்ற முறையைக் கொண்டுவர, ஒரே பெட்டியில் இரண்டு விதமான முத்திரைகள். பெற்றோர் குழம்பினார்கள். 2008இல் உளவியலாளர் தான்யா பைரன் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். இரண்டு முறைகளும் கலந்த ஒன்றை அவர் பரிந்துரைத்தார். அரசு கடைசியில் பெகியைத் தேர்ந்தது. 2012 ஜூலை முதல் தொழிற்றுறையின் முத்திரைக்குச் சட்டத்தின் பலம் வந்தது. 12, 16, 18 முத்திரை உள்ளதை வயது குறைந்த பிள்ளைக்கு விற்கும் கடைக்காரர் குற்றவாளி.

எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, அளப்பவர் எதைத் தீங்கு என்று எண்ணுகிறார் என்பது. அந்த வாப்பாவின் காசு போனது இரத்தத்தால் அல்ல. காசு கட்டிப் பெட்டி திறந்து, உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் காத்திருப்பதை நாம் மைஸிர் என்போம். அவுஸ்திரேலியா 2024 செப்டம்பரில்தான், காசுக்கு இப்படி அதிர்ஷ்டப் பெட்டி விற்கும் புதிய விளையாட்டுகளுக்கு ஆகக் குறைந்தது 'எம்' தரம், அதாவது 15 வயதுக்குக் கீழானவர்களுக்கு உகந்ததல்ல என்ற அறிவுறுத்தல் வேண்டும் என்று விதித்தது. அங்கே தரம் போடுவது அரச சபை.

2020இல் பப்ஜி மொபைலில் ஒரு புதிய பகுதி வந்தது. பாத்திரங்கள் சிலைகளின் முன் பணிந்து பலம் பெறும் காட்சி. அல்-அஸ்ஹர் எச்சரித்தது, முஸ்லிம் நாடுகளில் எதிர்ப்பு எழ, கம்பனி மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது. இரத்தத்தையும் வசையையும் எண்ணும் வினாக்கொத்தில் இதைக் கேட்க ஏது இடம்?

அப்படியென்றால் அரசிடமே கொடுத்துவிடலாமா? சவூதி 2016இல் அரச ஆணையம் வழியாகத் தன் தரப்படுத்தலைத் தொடங்கியது. நம் நாட்டில் படத்துக்கும் நாடகத்துக்கும் 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு சபை உண்டு. ஆனால் அரசின் கை இங்கே எப்படி நீளும் என்பதும் தெரியும். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' 2000இல் நிறுத்தப்பட்டு, உயர் நீதிமன்றம் போய்த்தான் வெளிச்சம் கண்டது. 'தணிக்கை' என்ற ஒரே சொல்லால் வெட்டுவதையும் தரம் சொல்வதையும் நாம் குறித்துவிடுகிறோம், இரண்டும் வேறு.

என் கருத்து இதுதான். வன்முறையை அளக்கும் வேலை இப்போதுள்ள சர்வதேச முறையிடமே இருக்கட்டும். காசு பறிக்கும் பகுதிக்கு நம் சட்டம் வேண்டும். அதற்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை முன்கை எடுக்கலாம். மார்க்க விடயத்தை உலமாக்களும் வீடும் பார்க்க வேண்டும். அதை அரச முத்திரையாக்கினால் நாளை இன்னொரு சமயத்தாரின் முத்திரை நம் தலையில் விழும்.

அன்று அந்த வாப்பாவின் போனில் காசு கட்டும் இடத்துக்குக் கடவுச்சொல் போட்டுக் கொடுத்தேன். பெற்றோர் கட்டுப்பாட்டைத் திறந்ததும், எந்த வயது வரை அனுமதிப்பது என்று கேட்டது.

"நீங்களே ஒண்டப் போடுங்க சேர்" என்றார்.