உங்களுக்குத் தெரியுமா? 54 டன் எடையில் ஒரு நினைவுப் போர்வை!

1985 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் மெழுகுவத்தி ஊர்வலம் போன தன்பாலீர்ப்பாளர்களும் நண்பர்களும், எய்ட்ஸால் மாண்டவர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி அரசுக் கட்டடச் சுவரில் ஒட்டினார்கள். சுவரே ஒட்டுத்துணிப் போர்வைபோல் தெரிந்தது. செயற்பாட்டாளர் கிளீவ் ஜோன்ஸுக்கு அங்கே உதித்த யோசனைதான் ‘எய்ட்ஸ் நினைவுப் போர்வை’.

● இறந்தவர்களின் நினைவாகத் தைத்த ஒவ்வொரு துணியும் 3 அடி அகலம், 6 அடி நீளம். ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. எட்டுத் துணிகளை இணைத்தால் 12 அடிச் சதுரம்.

● பெயரோடு இறந்தவரின் ஜீன்ஸ், கரடிபொம்மை, மோதிரம்கூடச் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும்.

● எய்ட்ஸில் இறந்தவரின் உடலை வாங்கப் பல இறுதிச்சடங்கு நிலையங்கள் மறுத்த காலம் அது. காதலர், தாய், நண்பர் என்று கூடித் தைத்தவர்கள் ஒருவருக்கொருவர் உறவாகிப்போனார்கள்.

● 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நேஷனல் மால் புல்வெளியில் 1,920 துணிகள் விரிக்கப்பட்டன. பெயர்கள் ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கப்பட்டன. அங்கே முழுப் போர்வையும் கடைசியாக ஒருசேர விரிக்கப்பட்டது 1996இல்தான்.

● இன்று சுமார் 50,000 துணிகள், ஏறத்தாழ 1,10,000 பெயர்கள். புதிய துணிகள் இப்போதும் வந்துகொண்டிருக்கின்றன.