தெரிந்த கோப்பு எல்லாம் நல்ல கோப்பு அல்ல

வழக்கொன்றில் கைப்பற்றிய கணினியில் லட்சக்கணக்கான கோப்புகள் இருக்கும். பெரும்பாலானவை விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் நிறுவும்போதே வந்து சேர்ந்தவை. விசாரணைக்கு வேண்டியதோ கணினிக்காரர் தாமே எழுதியவையும் சேமித்தவையும்தான். கோப்பின் பெயரை வைத்துப் பிரிக்க முடியாது. ஒரு புகைப்படத்துக்கு விண்டோஸ் கோப்பின் பெயரைச் சூட்ட ஒரு நொடி போதும்.

அதனால் உள்ளடக்கத்தையே கணக்கிடுகிறார்கள். கோப்பின் எல்லா பைட்டுகளையும் ஒரு சூத்திரத்துக்குள் செலுத்தினால் கிடைக்கும் எண்ணுக்கு ஹேஷ் என்று பெயர். ஷா-256 முறையில், எவ்வளவு பெரிய கோப்பானாலும் விடை எண்ணும் எழுத்துமாக 64 இடங்கள்தான். பெயரை மாற்றினால் ஹேஷ் மாறாது. உள்ளே ஒரு பிட் மாறினால் அடியோடு மாறிவிடும்.

அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 'தேசிய மென்பொருள் குறிப்பு நூலகம்' என்ற பெயரில் மென்பொருள் கோப்புகளின் ஹேஷ்களைத் திரட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலவசமாக வெளியிடுகிறது. கைப்பற்றிய கணினியின் கோப்புகளை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்துபவற்றை ஒதுக்கலாம். பட்டியலைவிட அதன் பின்னால் இருக்கும் கிடங்குதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கணக்கிட்ட மென்பொருள்களின் மூலப் பிரதிகளை அங்கே பத்திரப்படுத்துகிறார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தால், மூலத்தையே எடுத்து மறுபடி கணக்கிட்டுக் காட்டலாம்.

ஆனால் ஒரு கோப்பு இந்தப் பட்டியலில் இருந்தால், அது எந்த மென்பொருளிலிருந்து வந்தது என்பது மட்டுமே தெரியும். அது தீங்கற்றது என்று யாரும் சான்று தரவில்லை. கணினிக்குள் ஊடுருவ உதவும் கருவிகளும், படத்துக்குள் தகவலை ஒளிக்கும் மென்பொருள்களும்கூட அதில் உண்டு. பட்டியலில் உள்ளதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குபவர், வழக்கின் முக்கியத் தடயத்தையே ஒதுக்கிவிடக்கூடும். பட்டியலில் இல்லாதது குற்றத்தின் அறிகுறியும் ஆகாது. நேற்று வந்த ஓர் அப்டேட்டின் கோப்புகள் இன்னும் அதில் ஏறியிருக்காது.

இரு வேறு கோப்புகளுக்கு ஒரே ஹேஷ் வராதா? எம்டி5 என்ற பழைய ஹேஷ் முறையில் அப்படி ஒரு ஜோடியைச் சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுனின் குழு 2004இல் உருவாக்கியது. 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் ஷா-1 என்ற இன்னொரு பழைய முறைக்கு இரண்டு பிடிஎஃப்களை வைத்து அதையே செய்துகாட்டின. இரண்டிலும் ஜோடியைச் சேர்த்தே தயாரித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள ஒரு விண்டோஸ் கோப்பின் ஹேஷுக்குப் பொருந்தும்படி இன்னொரு கோப்பைச் செய்வது வேறு வேலை. நடைமுறையில் அதை இதுவரை யாரும் செய்துகாட்டவில்லை. இருந்தாலும் நிஸ்ட் காத்திருக்கவில்லை. நூலகத்தின் புதிய பதிப்பில் ஷா-256 சேர்ந்துவிட்டது.