முனிசிபல் வகுப்பறைக்கு வந்த இயற்பியலாளர்கள்

மும்பையை அடுத்த அம்பர்நாத்தில், தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு எடுத்தால் முதலில் வரும் கேள்வி, "எந்த மீடியம்?" என்பதுதான். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். 2020இல் வந்த சட்டப்படி மகாராஷ்டிரத்தின் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியும் கட்டாயம். இத்தனை மொழிகளுக்கு நடுவில் வளரும் பிள்ளை அறிவியலில் முப்பது மதிப்பெண் வாங்கினால், "இவனுக்கு மண்டையில் ஏறவில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு சரிதானா என்று பக்கத்து மும்பையில் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த வேலையைத் தொடங்கிவைத்தவர்கள் இயற்பியலாளர்கள்.

ஹோமி பாபா 1945இல் தொடங்கிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை அணு, காஸ்மிக் கதிர், கணிதம் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் பலருக்குத் தெரியும். 1962இல் ஒபைத் சித்திகியை அழைத்து அங்கே மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார்கள். இயற்பியல் நிறுவனத்துக்குள் உயிரியல் நுழைந்தது அப்போது பலருக்கு வியப்பு. அடுத்த அடி அதைவிடப் பெரியது. கொலாபாவில் உள்ள அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த விஞ்ஞானிகளில் சிலர், பி.எம். உட்காவ்ங்கர், வி.ஜி. குல்கர்ணி போன்றோர், நகரத்தின் முனிசிபல் பள்ளிகளில் அறிவியல் எப்படிச் சொல்லித்தரப்படுகிறது என்று பார்க்கப் போனார்கள். அந்த அக்கறையிலிருந்து 1974இல் பிறந்ததுதான் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். நானா சவுக்கில் ஒரு முனிசிபல் பள்ளிக் கட்டடத்தில்தான் அது முதலில் இயங்கியது. பின்னால் செம்பூரைத் தாண்டி மான்குர்துக்குப் போனது.

குல்கர்ணி குழுவின் ஓர் ஆய்வை மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். ஏழைப் பிள்ளைகள் அறிவியலில் தோற்பதற்கு வீட்டுச் சூழல், சத்துக்குறைவு, ஆசிரியர் இல்லாமை என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாமே ஓரளவு உண்மைதான். ஆனால் எது எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு காரணத்தின் விளைவை அறிய மற்றவற்றை அப்படியே வைத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் மாற்றுவார்கள். இவர்களும் அதையே செய்தார்கள். பாடத்தின் உள்ளடக்கத்தில் கைவைக்காமல், மராத்திப் பாடநூலின் மொழியை மட்டும் எளிதாக்கி, முனிசிபல் பள்ளிகளில் கொடுத்துப் பார்த்தார்கள்.

மொழியை எளிதாக்குவது என்றால் என்ன? நானே ஒரு தமிழ் உதாரணம் அமைத்துக் காட்டுகிறேன். "திரவமொன்றில் அமிழ்த்தப்படும் பொருளின் மீது, அப்பொருளால் வெளியேற்றப்படும் திரவத்தின் எடைக்குச் சமமான மேல்நோக்கு விசை செயல்படுகிறது." இது பாடநூல் நடை. இதையே இப்படியும் சொல்லலாம்: "வெறும் குடத்தைத் தண்ணீரில் அமுக்கினால் அது கையை மேலே தள்ளும். குடம் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடை அளவுக்குத் தண்ணீர் குடத்தை மேலே தள்ளும்." ஆர்க்கிமிடீஸ் சொன்னதில் எதுவும் குறையவில்லை. ஆனால் முதல் வாக்கியத்தைப் படிக்கும் பிள்ளை அறிவியலுக்குள் போவதற்கு முன்பே வாக்கியத்தின் வாசலில் நின்றுவிடுகிறது.

மும்பையில் கிடைத்த முடிவு தெளிவாக இருந்தது. எளிய மொழியில் படித்த பிள்ளைகள் தேர்வில் முன்னேறினார்கள். வகுப்பில் வாயே திறக்காதவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். எனக்கு மதிப்பெண்ணைவிட இந்த இரண்டாவது விளைவு முக்கியமாகப் படுகிறது. கேள்வி கேட்காத பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று நினைத்திருந்தோம். கேட்பதற்கான சொல்தான் அதனிடம் இல்லாமல் இருந்திருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் இதே குழு, முனிசிபல் பள்ளிகளில் படித்த தாழ்த்தப்பட்ட சமூக மாணவர்களைத் தொடர்ந்து வழிநடத்தி, பத்தாம் வகுப்புத் தேர்வில் அவர்கள் எவ்வளவு உயர முடியும் என்றும் காட்டியது.

மொழியை எளிதாக்கிப் பார்த்த ஆய்வு காட்டியது, மராத்தி வீட்டுப் பிள்ளைகளுக்கு மராத்தியிலேயே இருந்த தடையை. ஊர் மாறி வந்த குடும்பத்தின் பிள்ளைக்கு இன்னொரு அடுக்கு கூடுகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவித் தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களும் சரி, மாட்டுங்காவில் எழுத்தர் வேலைக்கு வந்தவர்களும் சரி, பள்ளிக்கூடத்தைத்தான் முதல் பிடிமானமாக நினைத்தார்கள். மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932லேயே தொடங்கிவிட்டது. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. இந்தியாவில் வேறு எந்த நகரத்துக்கும் எளிதில் வராத பெருமை அது. ஆனால் வாடகையும் வேலையும் துரத்தத் துரத்த, தமிழ்க் குடும்பங்கள் கல்யாணைத் தாண்டி இங்கே வரை வந்துவிட்டன. அம்பர்நாத் தாணே மாவட்டத்தில், மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. அந்த எட்டு மொழி ஏற்பாடு இந்த ஸ்டேஷன் வரை வருவதில்லை.

குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பற்றிய உலக ஆய்வில் ஒரு திருப்பம் 1992இல் வந்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரில், லூயிஸ் மோலும் அவருடைய தோழர்களும் பள்ளி ஆசிரியர்களையே ஆய்வாளர்களாக்கி, மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். குறை கண்டுபிடிக்க அல்ல, அந்த வீட்டுக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டறிய. விவசாயம், கால்நடை, சுரங்கம், கட்டட வேலை, மூலிகை வைத்தியம் என்று ஒவ்வொரு வீட்டிலும் பெரிய அறிவுச் சேமிப்பு இருந்தது. மெக்சிகோ மிட்டாயைக் கொண்டுவந்து விற்ற ஒரு மாணவனை வைத்து, மிட்டாயின் சேர்மானங்களை ஒப்பிடும் ஒரு முழுப் பாடத்தையே ஆசிரியை உருவாக்கினார்.

கணக்கில் இதற்கு முன்பே சான்று இருந்தது. 1985இல் வெளிவந்த ஆய்வில், பிரேசிலின் ரெசிபே நகரத்துத் தெருவில் தேங்காய் முதலானவை விற்ற சிறுவர்களிடம் மூன்று ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்போல் கணக்குக் கேட்டார்கள். 98 சதவீத விடைகள் சரி. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம்; கதைக் கணக்காகக் கொடுத்தபோது 74. அதே பிள்ளை, அதே பெருக்கல்! 2025 பிப்ரவரியில் நேச்சர் இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதையே கண்டது. மறுபக்கத்தையும் அது காட்டியது: பள்ளியில் மட்டும் கணக்குப் படித்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டு தரப்புமே ஒன்றில் கற்றதை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாமல் நின்றன.

மும்பைக்கு இது வெளிநாட்டுக் கதை அல்ல. மான்குர்து மையத்தில் அரிந்தம் போஸ், கே. சுப்பிரமணியம் இருவரும் 2010களின் தொடக்கத்தில், வீட்டுக்கு வீடு பட்டறை நடக்கும் நெருக்கமான ஒரு குடியிருப்பில், மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளின் கணக்கறிவை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டதில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது ஒன்று உண்டு: எல்லா வேலையும் ஒரே அளவு கற்றுத்தருவதில்லை. துணி வாங்கி, அளந்து, விலை பேசும் பிள்ளைக்குக் கணக்கு வளர்கிறது. நாள் முழுவதும் ஒரே கல்லை ஒரே இடத்தில் ஒட்டும் பிள்ளைக்கு அது வளர்வதில்லை. வேலையில் முடிவெடுக்கும் இடம் இருந்தால்தான் அறிவு சேர்கிறது.

தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்து நகரம் முழுக்க விற்கும் தமிழ்க் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். மாவைக் கரைத்து வைத்தால் உளுந்தோடு வந்த லூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியா பெருகி, கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டு மாவைப் பொங்க வைக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் மாவு புளிக்க நேரமாகும் என்பது அந்த வீட்டுப் பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரியும். நுண்ணுயிரின் வளர்ச்சி வெப்பநிலையைச் சார்ந்தது என்ற பாடத்தின் பாதி அதுதான். கொப்பரையின் மூடியைத் திறக்கும்போது கொதிநீரைவிட ஆவி கடுமையாகச் சுடும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். கொதிநிலையில் அதை ஆவியாக்க ஏறக்குறைய 540 கலோரி வேண்டும். ஆவி மாவில் பட்டு நீராகும்போது அந்த 540ஐயும் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் இட்லி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வேகிறது. பின்னாளில் வகுப்பில் "உள்ளுறை வெப்பம்" என்று எழுதிப்போடும்போது, அந்தப் பெண்ணிடம் யாராவது கொப்பரையைப் பற்றிக் கேட்கிறார்களா?

இதைச் சொல்லும்போது ஒரு ஆபத்தும் இருக்கிறது. வேலை செய்தால் அறிவு வளரும் என்று பிள்ளைகளைப் பட்டறையில் உட்கார வைப்பதற்கு இந்த ஆய்வுகளைச் சாக்காக்கக் கூடாது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதிக்கிறது. அந்த இடைவெளி வழியே எத்தனை பிள்ளைகளின் தூக்கமும் விளையாட்டும் போகின்றன என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளை ஏற்கெனவே அறிந்ததைப் பள்ளி மதிக்க வேண்டும் என்பதே ஆய்வு தரும் பாடம்.

மான்குர்து மையத்தில்தான் இந்தியாவின் இயற்பியல், உயிரியல் ஒலிம்பியாட் மாணவர்களும் தயாராகிறார்கள். 2008இல் உயிரியல், 2015இல் இயற்பியல் என்று சர்வதேச ஒலிம்பியாட்கள் மும்பையில் நடந்தன. அந்த மாணவர்களுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கு மற்ற வகுப்பறைகளுக்கும் வர வேண்டும்.

அதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. அம்பர்நாத்தின் ஆங்கில மீடியம் பள்ளிகள் தமிழுக்கு மாறிவிடப் போவதில்லை. பெற்றோரும் அதை விரும்பவில்லை. ஆனால் ஒரு பாடத்தை முதலில் பக்கத்துப் பிள்ளையோடு தமிழிலோ இந்தியிலோ பேசிப் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுத அனுமதிக்கலாம். வகுப்பில் தாய்மொழி பேசினால் அபராதம் போடும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதை இந்த ஆண்டே நிறுத்தலாம். ஆண்டுக்கு ஒரு முறை ஆசிரியர்கள் மாணவர்களின் வீட்டுக்குப் போய், அங்கே நடக்கும் தொழிலைப் பற்றி அரை மணி நேரம் கேட்டுவிட்டு வரலாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் "எந்த மீடியம்?" என்பதோடு நிறுத்தாமல், "என் பிள்ளை வகுப்பில் கேள்வி கேட்கிறதா, எந்த மொழியில் கேட்கிறது?" என்றும் கேளுங்கள்.