பாலீஷ் கொஞ்சம், மெழுகு நிறைய!

தங்க வளையலை நகைக்கடையில் பாலீஷுக்குக் கொடுத்து வாங்கினால், வளையல் என்னவோ புதுசு போல ஜொலிக்கும். தராசில் வைத்தால் எடை கொஞ்சம் குறைந்திருக்கும்! இது நமக்குத் தெரியாத விஷயமா? அதனால்தான் யாரும் மாசா மாசம் வளையலுக்கு பாலீஷ் போடுவதில்லை. காருக்கும் இதே கணக்குதான். ஆனால் கார் என்று வந்துவிட்டால் நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். வண்டி கொஞ்சம் மங்கினால் போதும், ஒரு டப்பா பாலீஷ் வாங்கி வந்து மூச்சு வாங்க வாங்கத் தேய்க்கிறார்கள்.

இன்றைய கார்களில் பெயிண்ட் என்பது ஒரே பூச்சு அல்ல. தகட்டை ஒட்டி ப்ரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே க்ளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு. பளபளப்பெல்லாம் இந்த மேல் பூச்சில்தான் இருக்கிறது. அதன் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை 1000 பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் கனமே 70 மைக்ரான் சுமாருக்கு இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! அது தேய்ந்து போனால் திரும்ப வராது. அந்த இடம் வெளுத்து, வெயிலில் தோல் உரிகிற மாதிரி உரியும். பிறகு பட்டறையில் விட்டு பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான். அந்தச் செலவு, சேர்த்து வைத்த சீட்டுப் பணத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடும்.

பாலீஷ் என்பது நைசான உராய்வுப் பொடி கலந்த பசை. மேல் பூச்சைத் துளி சீவித்தான் கீறலை மறைக்கிறது. ரப்பிங் காம்பவுண்ட் இன்னும் முரடு. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம். மெழுகு, அதாவது வாக்ஸ், எதையும் சீவுவதில்லை. மேலே படிந்துகொண்டு வெயிலையும் தண்ணீரையும் முதலில் தான் வாங்கிக்கொள்கிறது. ஆகவே மெழுகு 2, 3 மாதத்துக்கு ஒரு தடவை. பாலீஷ் வருஷத்துக்கு ஒரு தடவைகூட அவசியமில்லை. கடையில் வாங்கும்போது டப்பாவில் இரண்டில் எது என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். இரண்டும் கலந்தது என்று ஒன்று விற்கிறார்கள். அதிலும் உராய்வுப் பொடி உண்டு.

பாதி வேலை கழுவுவதில்தான் இருக்கிறது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிகிறதே, அவை எப்படி வந்தன என்று நினைக்கிறீர்கள்? காய்ந்த துணியால் தினமும் தூசி தட்டுவதால் வந்தவை. தூசி என்பது பொடி மணல்தானே? அபார்ட்மென்ட்டில் ஒரே பக்கெட் தண்ணீரில் பத்து வண்டியைத் துடைத்தால் பத்து வண்டி மண்ணும் நம் வண்டியில்தான் தேயும். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்குங்கள். பிறகு இரண்டு பக்கெட்: ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் சுத்தத் தண்ணீர். துணியை ஒவ்வொரு தடவையும் சுத்தத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் தேய்க்கிற லிக்விட் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற அது, போட்ட மெழுகையும் எடுத்துவிடும்.

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் ஒரு தொல்லை உண்டு. தானாகக் காயவிட்டால் உப்பு வட்ட வட்டமாகப் படியும். ஈரம் காயுமுன் துடைத்துவிட வேண்டும். ஏற்கெனவே படிந்திருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிஷம் வைத்து, உடனே கழுவிவிடுங்கள்.

கழுவித் துடைத்த பிறகு கையில் மெல்லிய பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் சரி. ரவை தூவின மாதிரி சொரசொரத்தால் மரப் பிசின், தார்ப் பொடி எல்லாம் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். இதற்கென்றே க்ளே பார் என்ற களிமண் கட்டி கிடைக்கிறது. ஷாம்பூத் தண்ணீரைத் தெளித்து, சப்பாத்தி மாவு போலத் தட்டி, அழுத்தாமல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். கீழே விழுந்துவிட்டால் தூக்கி எறிந்துவிடுங்கள். ஒட்டிய மண் கோடு கோடாகக் கீறிவிடும்.

இப்போது கீறலைப் பார்ப்போம். நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் மாட்டினால் அது பாலீஷில் போகிற கீறல் இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் தேய்மானம்தான் மிச்சம். மாட்டவில்லையென்றால் நைசான பாலீஷைக் கடலை அளவு எடுத்து, அந்த இடத்தில் மட்டும் கையால் லேசாகத் தேய்க்கலாம். கதவு ஓரம், பானெட் மடிப்பு இங்கெல்லாம் பூச்சு இன்னும் மெல்லிசு, தொடாதீர்கள். பழைய அம்பாஸடர், பத்மினி மாதிரி வண்டிகளில் நிறப் பூச்சே மேல் பூச்சு. துணியில் வண்டியின் நிறம் ஒட்டிக்கொண்டால் பெயிண்டே வருகிறது என்று புரிந்துகொண்டு நிறுத்திவிடுங்கள். டூத்பேஸ்ட்டால் கீறல் போகும் என்பார்கள். அதிலும் உராய்வுப் பொடிதான். எவ்வளவு முரடு என்பது நமக்குத் தெரியாது.

மெழுகுக்கு நிழலும் குளிர்ந்த தகடும் வேண்டும். விடிகாலை உத்தமம். நல்ல மெழுகுகளில் கார்னூபா இருக்கும். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையில் படிகிற மெழுகு இது. தேன்மெழுகு 62 டிகிரி செல்சியஸ் சுமாருக்கே இளகிவிடும். இது 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதனால்தான் நம் வெயிலுக்கு ஏற்றது. (வீட்டு மெழுகுவர்த்தியை உருக்கிப் பூசலாமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். கூடவே கூடாது!)

கறுப்பு ப்ளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும். முதலில் அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிறகு ஸ்பாஞ்சில் துளி மெழுகு எடுத்து, ஒரு முழம் நீளம், ஒரு முழம் அகலம் என்று பகுதி பகுதியாக, தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி மெல்லிசாகப் பூசுங்கள். கனமாகப் பூசினால் துடைக்கத்தான் கஷ்டம், பலன் கூடாது. 5, 10 நிமிஷத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பளிச்சென்று கோடு விழுந்தால் துடைக்கலாம். இழுசினால் இன்னும் பொறுங்கள். முன் கண்ணாடியில் மட்டும் பூசாதீர்கள், மழையில் வைப்பர் ஓடினால் பார்வை மறைக்கும். பளபளப்பே இல்லாத மேட் பெயிண்ட் வண்டிக்கு மெழுகு வேண்டாம். பட்டறையில் புதிதாக பெயிண்ட் அடித்திருந்தால், எத்தனை நாள் கழித்துப் போடலாம் என்று அடித்தவரையே கேளுங்கள். உள்ளே காய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும்.

குழந்தைகள் இருக்கிற வீட்டில் இன்னொரு ஜாக்கிரதை. பல பாலீஷிலும் மெழுகிலும் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த திரவம் இருக்கிறது. சில டப்பாக்கள் பார்க்க முகக் க்ரீம் மாதிரியே இருக்கும்! உயரத்தில் பூட்டி வையுங்கள். தவறிப் போய் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால், பதறி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து அதிகம். டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

காக்கை எச்சத்தை அன்றே எடுத்துவிடுங்கள். அதில் அமிலம் இருக்கிறது. வெயில் ஏறினால் பெயிண்டில் தழும்பு போட்டுவிடும். காய்ந்ததைச் சுரண்டாமல், ஈரத் துணியைப் பத்து நிமிஷம் மேலே போட்டு வைத்தால் ஊறிக்கொண்டு வரும். ஆயுத பூஜைக்குப் பானெட் நிறையச் சந்தனம், குங்குமம் வைத்து நாலு நாள் அப்படியே விடுகிற வழக்கத்தையும் சொல்ல வேண்டும். வெளிர் நிற வண்டியில் மஞ்சளும் குங்குமமும் கறையாக நின்றுவிடும். பொட்டை நம்பர் ப்ளேட்டிலோ கண்ணாடி ஓரத்திலோ வையுங்களேன், சாமி கோபித்துக்கொள்ளாது.

மெழுகு இருக்கிறதா போய்விட்டதா என்று அறிய ஒரு சொம்புத் தண்ணீர் போதும். வாழை இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றால் இருக்கிறது. பரந்து வழிந்தால் மறுபடி போடுகிற நேரம். துடைத்த மைக்ரோஃபைபர் துணியை வீட்டுத் துணியோடு போடாமல் தனியாகத் துவையுங்கள். கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் அடுத்த தடவை ஈரம் இழுக்காது.