தேசிக் கன்றின் இலை மஞ்சளாகிறதா? மருந்தடிக்க முன் பார்க்கவேண்டியவை

வளவில் வைத்த தேசிக் கன்றின் இலை மஞ்சளாகத் தொடங்கியதும் பலரும் கேட்பது, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான். அதற்கு முன் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. மஞ்சளாவது அடியிலுள்ள முற்றிய இலையா, நுனியிலுள்ள கொழுந்தா?

நைதரசன், மகனீசியம் போன்ற சத்துகள் குறையும்போது கன்று பழைய இலைகளிலிருந்து அவற்றை எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும். அதனால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். இலை முழுவதும் ஒரேமாதிரி வெளிறினால் நைதரசன் குறைவு. காம்பருகே பச்சை முக்கோணம் எஞ்சியிருக்க மற்றப் பகுதி மஞ்சளானால் மகனீசியம். இரும்பும் நாகமும் அப்படி எளிதில் இடம்பெயரா. அவை குறைந்தால் பழைய இலை பச்சையாகவே நிற்க, கொழுந்து மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பச்சை வலையாகத் தெரிந்தால் இரும்பு. இலை சிறுத்து, ஒடுங்கி, நெருக்கமாக முளைத்தால் நாகம்.

எமது பகுதிகளில் இந்தக் கொழுந்து மஞ்சளுக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. யாழ் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கிணற்று நீர் எவ்வளவு வன்மையானது என்பதைக் கேத்திலின் அடியில் படியும் வெள்ளையே சொல்லும். காரத்தன்மை கூடிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. இத்துடன் போரின் மிச்சமும் சேர்கிறது. இடிந்த சுவர்களை வளவிலேயே தள்ளி மட்டப்படுத்திய பின் மீளக்குடியேறிய குடும்பங்கள் பல. பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்தும், புதிய வீடு கட்டியபோது கொட்டிய சீமெந்துக் கழிவும் மண்ணுக்குள் கிடக்கின்றன. அதன்மேல் நட்ட கன்றுக்கு எந்தப் பூச்சிமருந்தும் உதவாது.

சந்தேகமிருந்தால் கன்றின் வேர் அறாமல் சற்றுத் தள்ளி ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். எடுத்த மண்ணில் சிறிது வினாகிரி விட்டால், சுண்ணாம்பு கூடிய மண் நுரைக்கும். கன்று சிறிதென்றால் மாரி தொடங்கும்போது வேறிடத்துக்கு மாற்றுவதே நல்லது. மாற்ற முடியாவிட்டால் உக்கிய மாட்டெருவும் குப்பைப் பசளையும் தொடர்ந்து இடுங்கள். எம்மவர் பனையோலையையும் பூவரசங் குழையையும் தோட்டத்தில் தாட்டது வீண்வேலையல்ல. இரும்புச் சத்தை இத்தகைய மண்ணில் வெறுமனே கொட்டினால் அது மண்ணிலேயே பிடிபட்டுவிடும். இலையில் தெளித்தால் ஓரளவு பலன் தெரியும்.

தீவகத்திலும் கரையோரங்களிலும் இலையின் நுனியும் ஓரமும் கருகினால் கிணற்று நீரின் உப்பைச் சந்தேகிக்கவேண்டும். முருங்கன் பக்கத்துக் கரிய களிமண்ணில் முழு மரமும் சோர்ந்து மஞ்சளானால் நீர் தேங்கி வேர் அழுகுகிறதா என்று பாருங்கள். அங்கே மேலும் தண்ணீர் ஊற்றுவது கன்றைக் கொல்லும்.

பூச்சியும் நோயும் வேறுவிதமாக அடையாளம் காட்டும். கொழுந்தில் வெள்ளி நிறக் கோடு வளைந்து நெளிந்து ஓடி, இலை சுருண்டால் அது இலைச் சுரங்கப் புழு. இலையின் தோலுக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. மரம் வளர்ந்தபின் இதன் பாதிப்பு பெரிதாக இராது. இலையில் பறவை எச்சம்போல ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். தொட்டால் கொம்புபோல ஒன்றை நீட்டி நாற்றம் விடும். கையால் பொறுக்கினாலே போதும். இலையின் இருபுறமும் சொரசொரப்பான புள்ளியும் அதைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருந்தால் பற்றீரியாவால் வரும் சொறிநோய். அந்தக் கிளைகளை வெட்டி எரித்துவிடவேண்டும். ஈரமாக இருக்கும்போது மரத்தைத் தொடாதீர்கள், கையாலேயே பரவும்.

தேவையற்ற மருந்தால் காசு மட்டும் வீணாவதில்லை. தேசி நிற்பது பெரும்பாலும் கிணற்றடியில். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக மேலே ஊற்றியது விரைவில் நிலத்தடி நீரைச் சேரும். அதைத்தான் குடிக்கிறோம்.

இவ்வளவு பார்த்தும் விளங்காவிட்டால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். ஓர் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகாமல், முற்றிய இலையும் கொழுந்தும் சேர்ந்த சிறு கிளையாகப் பொலித்தீன் பையில் இட்டுக் கொண்டுசெல்லுங்கள். கன்று நிற்கும் இடத்து மண்ணிலும் ஒரு பிடி எடுத்துப்போங்கள்.